திரை இருண்டால் விற்க முடியுமா?

வீட்டிலிருந்தபடி பங்கு வணிகம் செய்வோருக்காக நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



எனக்கு முன்னால் பேசிய இருவரும் எந்தப் பங்கை எப்போது வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று விளக்கினார்கள். நான் பங்கு நிபுணரும் அல்ல, கணினிப் பொறியாளரும் அல்ல. நேரலை நிகழ்ச்சி நடத்துவது என் தொழில். அப்படியிருக்க, வீட்டில் கணினி அமைத்து பங்கு வணிகம் செய்வதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் ஓர் அண்ணன்.

சில மாதங்களுக்கு முன்பு அவர் என்னைத் தேடி வந்தார். ஈசூனில் நாலறை வீவக வீட்டில் இருப்பவர். கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு தாள். அதில் மூன்று கணினிகளின் விலைப்பட்டியல். மூன்றாவதன் விலை ஐயாயிரம் வெள்ளிக்கு மேல்.

"தங்கச்சி, உங்க தொலைக்காட்சி நிலையத்துல கணினி தெரிஞ்சவங்க நிறையப் பேர் இருப்பாங்க. இதுல எத வாங்கலாம்னு கேட்டுச் சொல்லும்மா" என்றார்.

"உங்களிடம்தான் கணினி இருக்கிறதே அண்ணே" என்றேன். இரண்டு ஆண்டுக்கு முன்னால் நாலு திரை வைத்து அவர் அமைத்திருந்த அறையை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். விமானி உட்காரும் இடம்போல இருந்தது.

"இருக்கு. ஆனா அதை நம்ப முடியல" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அவர் அமெரிக்கப் பங்குகளை வாங்கி விற்பவர். அங்கே காலை ஒன்பதரைக்குச் சந்தை திறக்கும்போது நமக்கு இரவு ஒன்பதரை. அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் பத்தரை. அன்றைக்கு ஒரே நிறுவனத்தின் பங்கில், தரகு நிறுவனம் கொடுத்த கடனையும் சேர்த்துப் பெரிய தொகை போட்டிருந்தார். இந்த விலைக்குக் கீழே இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்று ஓர் எண்ணையும் குறித்து வைத்திருந்தார். மனத்தில்தான். தரகரிடம் ஆணையாகக் கொடுக்கவில்லை.

இரவு பதினொன்றரை மணி. அண்ணி மருத்துவமனையில் பிற்பகல் வேலை முடித்து வீட்டுக்கு வந்து, குளிப்பதற்கு ஹீட்டர் சுவிட்சைப் போட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு. நாலு திரையும் இருண்டுவிட்டன. மோடம், ரௌட்டர் எல்லாம் போயின. அண்ணன் ஓடிப்போய் மின்பெட்டியில் விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினார். நிற்கவில்லை. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் விழுந்தது. ஹீட்டர்தான் காரணம் என்று அந்தப் பதற்றத்தில் இருவருக்குமே தோன்றவில்லை. கைபேசியை எடுத்தார். மின்கலத்தில் மீதி இருந்தது நாலு விழுக்காடு. தரகு நிறுவனத்தின் செயலியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, உறுதிப்படுத்தும் எண் வருவதற்குள் கைபேசியும் அணைந்துவிட்டது. வீட்டில் வெளிச்சம் வந்து, கணினி எழுந்து, இணையம் கிடைத்து, அவர் விற்பதற்குள் 25 நிமிடம் ஓடிப்போயிற்று. நட்டம் ஆறாயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் மேல்.

"நட்டம் போனாப் போவுது தங்கச்சி. எட்டு மணி நேரம் நின்னு வேலை பாத்துட்டு வந்தவளப் பாத்து, இந்த நேரத்துல ஒனக்குக் குளியல் ஒரு கேடான்னு கத்திட்டேன். அன்னிலேருந்து அவ அந்த அறைக்குள்ள வர்றதே இல்ல" என்றார்.

அந்தத் தாளை நான் இன்னொரு முறை பார்த்தேன். ஐயாயிரம் வெள்ளிக் கணினியை அன்றிரவு அவர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் அதே நொடியில் அணைந்திருக்கும். அதுதான் வித்தியாசம், அன்பர்களே. அதாவது, வித்தியாசமே இல்லை.

நேரலையில் நாங்கள் செய்வது

நேரலை நிகழ்ச்சியில் என் சட்டையில் ஒரு மைக் குத்தியிருப்பார்கள். அது நல்ல மைக்தான். இருந்தாலும் மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் இன்னொரு மைக்கை வைத்துக்கொண்டு நிகழ்ச்சி முடியும்வரை நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலான நாள் அவருக்கு வேலையே இருக்காது. ஒரு தீபாவளி நிகழ்ச்சியில் என் மைக் செத்துப்போனபோது, மூன்று நொடியில் அவருடைய மைக் என் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியாது. விலை உயர்ந்த மைக் வாங்குவதால் இந்த நிம்மதி கிடைப்பதில்லை. இரண்டாவது மைக் இருப்பதால்தான் கிடைக்கிறது.

கெடாத கருவி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் இல்லாத பணமா, பொறியாளர்களா? 2014 நவம்பர் 5ஆம் தேதி, மின்னலால் மின்னழுத்தம் ஏறி இறங்கியபோது தரவு மையத்தின் காப்பு மின்கருவியே சரியாக வேலை செய்யாமல் போய், பிற்பகல் வணிகம் நின்றது. அடுத்த மாதமே இன்னொரு நாள் சந்தை தாமதமாகத் திறந்தது. இதற்காக 2015இல் நாணய ஆணையம் அவர்களைக் கண்டித்தது. அதற்குப் பிறகும் 2016 ஜூலை 14ஆம் தேதி, காலை 11.38க்கு நின்ற பங்கு வணிகம் அன்று முழுவதும் திரும்பவில்லை. கருவிக் கோளாறுதான் காரணம். அவர்களுக்கே இந்த நிலை என்றால், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் இருக்கும் கணினி எம்மாத்திரம்?

ஆகவே நான் அண்ணனிடம் சொன்னது இதுதான்: "எது கெடாது என்று கேட்காதீர்கள் அண்ணே. இது கெட்டால் எதை வைத்து விற்பேன் என்று கேளுங்கள்." எங்கள் நிலையத்தின் தொழில்நுட்பத் தோழர்களிடமும், மின்பணியாளர் ஒருவரிடமும், தரகு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாலு வார இறுதி அவர் வீட்டில் உட்கார்ந்தோம். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் மின்பெட்டி

கணினிக் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டு மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் 'ஆர்சிசிபி' என்ற ஒரு சுவிட்ச் இருக்கும். மின்சாரம் எங்கேயாவது கசிந்தால், 30 மில்லியாம்ப் அளவிலேயே வெட்டிவிடும். மனித உயிரைக் காப்பதற்காக வைத்தது. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் கட்டாயம் உண்டு. அதற்கு முந்திய பழைய வீடுகளில் இல்லாமல் இருந்தது. 2023 ஜூலையில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம் என்று விதி வந்து, அதைப் பொருத்திக்கொள்ள 2025 ஜூலை வரை அவகாசம் கொடுத்தார்கள். அது அடிக்கடி விழுகிறது என்று எரிச்சல்பட்டு யாரும் அதில் கைவைக்க வேண்டாம். அது விழுகிறது என்றால் எங்கேயோ ஒரு கருவி கெட்டிருக்கிறது என்று பொருள். அண்ணன் வீட்டில் ஹீட்டருக்குள் இருந்த சூடேற்றும் கம்பி கெட்டுப் போயிருந்தது. உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஹீட்டரோடு இன்னும் சில மாதம் குளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால், அன்றிரவு நட்டம் ஆறாயிரம் வெள்ளிதான் என்பதற்காக நான் சந்தோஷப்படுகிறேன்.

சுவிட்ச் விழுந்தால் என்ன செய்வது என்றும் அவரே காட்டிக் கொடுத்தார். பெட்டியில் உள்ள சிறு சுவிட்சுகளை எல்லாம் கீழே தள்ளிவிட்டு, பெரிய சுவிட்சை மேலே ஏற்ற வேண்டும். பிறகு சிறியவற்றை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதைப் போட்டதும் விழுகிறதோ, அந்தப் பக்கத்தில்தான் கோளாறு. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் போட்டுக்கொள்ளலாம். இது தெரிந்திருந்தால் அந்த 25 நிமிடம் மூன்று நிமிடமாகியிருக்கும். செலவு ஒரு காசு இல்லை.

அடுத்தது யுபிஎஸ் என்று சொல்லும் காப்பு மின்கருவி. நம் ஊரில் மின்சாரம் எங்கே போகிறது, எதற்கு அது என்று கேட்பீர்கள். உண்மைதான், அடிக்கடி போவதில்லை. ஆனால் 2018 செப்டம்பர் 18ஆம் தேதி அதிகாலை 1.18க்குத் தீவின் பல பகுதிகளில் மின்சாரம் போனது பலருக்கு மறந்திருக்கும். ஏறக்குறைய 1,47,000 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 38 நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அமெரிக்கச் சந்தையோ அப்போது திறந்திருந்தது.

யுபிஎஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள். கணினியை அதில் செருகிவிட்டு, மோடத்தையும் ரௌட்டரையும் சாதாரணச் சுவரில் விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் போனால் கணினி உயிரோடு இருக்கும், இணையம் இருக்காது. உயிரோடு இருக்கும் கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உண்மையில் முதலில் காப்பாற்ற வேண்டியது மோடத்தையும் ரௌட்டரையும்தான். நம் வீட்டுக்கு வரும் கண்ணாடியிழைக் கம்பிக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. ஒளி மட்டும்தான் போய்வருகிறது. ஆகவே நம் வீடு இருட்டானாலும், வீட்டுக்குள் இருக்கும் அந்த இரண்டு பெட்டிகளுக்கும் மின்சாரம் கிடைத்தால் பெரும்பாலும் இணையம் இருக்கும்.

கணக்கும் சாதகமாகவே இருக்கிறது. சிறிய யுபிஎஸ் ஒன்றில் 12 வோல்ட், 7 ஆம்ப்-மணி மின்கலம் இருக்கும். மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து 200 வாட் இழுத்தால் பத்து நிமிடம்கூட ஓடுமா என்பது சந்தேகம். மோடமும் ரௌட்டரும் சேர்ந்து இழுப்பது 20, 25 வாட்தான். அவற்றை மட்டும் செருகினால் ஒரு மணி நேரம் தாராளமாக ஓடும். ஆகவே அண்ணன் வீட்டில் சின்ன யுபிஎஸ் ஒன்றை அந்த இரண்டு பெட்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கினோம். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் வாங்கவே இல்லை. மகள் பயன்படுத்தாமல் வைத்திருந்த மடிக்கணினியை எடுத்து, தரகு நிறுவனத்தின் மென்பொருளை அதிலும் போட்டுவைத்தோம். மடிக்கணினிக்குள்ளேயே மின்கலம் இருக்கிறது. அதைவிட மலிவான யுபிஎஸ் வேறு எது?

ஒரே ஒரு எச்சரிக்கை. யுபிஎஸ் மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுதான் உழைக்கும். நம் ஊர் வெயிலில், காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் வைத்தால் அதுவும் இல்லை. வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கம்பி ஒன்று, கோபுரம் ஒன்று

இணையத்தைப் பற்றிப் பேசினாலே எல்லாரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வினாடிக்கு 10 கிகாபிட் வாங்கினால் பங்கு சீக்கிரம் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்த எண் சாலையின் அகலம். சாலையின் நீளம் அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் நேர்க்கோட்டில் சுமார் 15,300 கிலோமீட்டர். கண்ணாடியிழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 0.15 வினாடி. கடலடிக் கம்பி நேர்க்கோட்டில் போகாததால் இன்னும் கூடுதலாகவே ஆகும். எந்தச் சந்தாவை வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். உங்கள் கை சுட்டியைச் சொடுக்குவதற்கு ஆகும் நேரம் அதைவிட அதிகம்.

வேகத்தில் செலவிடும் பணத்தை இரண்டாவது வழியில் செலவிடுங்கள். 2013 அக்டோபர் 9ஆம் தேதி புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்து, பல வட்டாரங்களில் இணையம் போனது. சில வங்கிச் சேவைகளும் பாதிக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 15ஆம் தேதி, கொவிட் காரணமாக எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரத்தில், ஒரு நிறுவனத்தின் வீட்டு இணையம் சில மணி நேரம் தடைபட்டது. இப்படிப்பட்ட நாளில் கைகொடுப்பது கைபேசியின் இணையம். மடிக்கணினியைக் கைபேசியோடு இணைத்துக்கொண்டால் போதும். பங்கு வாங்கி விற்க அதிகத் தரவும் செலவாகாது.

ஆனால் வீட்டு இணையமும் கைபேசியும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், அங்கே வரும் ஒரு கோளாறு இரண்டையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடலாம். வெவ்வேறு நிறுவனமாக இருக்கட்டும். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. மலிவான கைபேசிச் சந்தா விற்கும் பல நிறுவனங்களுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது. பெரிய நிறுவனங்களின் கட்டமைப்பை வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துகின்றன. பெயர் வேறாக இருக்கும், கோபுரம் ஒன்றாக இருக்கும். அண்ணனுக்கு அப்படித்தான் இருந்தது. யாருடைய கட்டமைப்பில் ஓடுகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் சொல்வார்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு பிரச்சினை. 1998க்குப் பிறகு வந்த வீவக வீடுகளில் பாதுகாப்பு அறை உண்டு. 'பாம் ஷெல்டர்' என்று சொல்வோமே, அதுதான். ரௌட்டர் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பலர் அதை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். குண்டையே தாங்குவதற்காகக் கட்டிய தடித்த சுவரும் இரும்புக் கதவும். வைஃபை எப்படி வெளியே வரும்? வெளியே எடுத்து வையுங்கள். கணினிக்கு முடிந்தால் கம்பியையே இழுங்கள். பத்து மீட்டர் கம்பி சில வெள்ளிதான்.

கணினி பற்றிக் கொஞ்சம்

இதுவரை கணினியைப் பற்றி நான் பேசவே இல்லை என்று கவனித்திருப்பீர்கள். பேசுவதற்கு அதிகமில்லை. விலை நிலவரமும் வரைபடமும் பார்க்க நடுத்தர விலைக் கணினி போதும். நினைவகம் 16 கிகாபைட், சேமிப்புக்கு எஸ்எஸ்டி, இரண்டு திரை. கணினி விளையாட்டுக்கான வரைகலை அட்டை தேவையே இல்லை. சிம் லிம் ஸ்குவேரில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள், அது அவர்கள் பிழைப்பு. நாலு திரை வைத்தால் நாலு மடங்கு தெரியும் என்பதும் கிடையாது. எனக்கு இரண்டு கண்தான்.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தப் பழைய கணினியில் மின்னஞ்சல் பார்ப்பதே ஆபத்து. பணம் இருக்கும் கணக்கைத் திறப்பது அதைவிட ஆபத்து.

இரண்டாவது, இரவில் வணிகம் செய்வோருக்கு மட்டும் உரியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாதாந்தரத் திருத்தங்களை அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அது புதன் அதிகாலை ஒரு மணி அல்லது இரண்டு மணி. சரியாகச் சந்தை நடக்கும் நேரம். அதோடு, நீங்கள் பகலில் வேலை பார்த்து இரவில் தூங்கும் மனிதர் என்ற கணக்கில் கணினி அமைந்திருந்தால், திருத்தத்தைப் போட்டுவிட்டு இரவில்தான் தானாக அணைந்து எழும். அமைப்புகளுக்குள் போய், கணினியைப் பயன்படுத்தும் நேரம் என்று கேட்கும் இடத்தில் இரவு எட்டு முதல் காலை ஆறு என்று மாற்றிவிடுங்கள். திருத்தத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை நீங்களே உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.

பேரப்பிள்ளைகள் விளையாட்டு இறக்கும் கணினியும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டாம் என்பதைத் தாத்தாக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சாவி யார் கையில்?

இப்போது கணினியைவிட முக்கியமான கருவி கைபேசிதான். உள்ளே நுழையும் சாவி அதில் இருக்கிறது. குறுந்தகவலில் வரும் எண்ணை மோசடிக்காரர்கள் பிடுங்கிவிடுவதால், இங்குள்ள பெரிய வங்கிகள் 2024 ஜூலையிலிருந்து படிப்படியாக அதை விட்டுவிட்டு, கைபேசிக்குள் இருக்கும் மின்னிலக்கச் சாவிக்கு வாடிக்கையாளர்களை மாற்றின. நல்லதுதான். ஆனால் கைபேசி கழிவறையில் விழுந்தால் சாவியும் சேர்ந்து விழும். புதுக் கைபேசியில் சாவியை உடனே செயல்படுத்தவும் முடியாது. வங்கிகள் குறைந்தது 12 மணி நேரம் காக்க வைக்க வேண்டும் என்பது 2022இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதி. தரகு நிறுவனங்களில் வழக்கம் வேறுபடும். உங்கள் நிறுவனத்தில் எப்படி, இரண்டாவது கருவியில் சாவி வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பதை இன்றே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது பழைய வழி. பல தரகு நிறுவனங்களில் இன்னமும் தொலைபேசியில் ஆணை வாங்குகிறார்கள். தரகு கூடுதலாகக் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த எண், உங்கள் கணக்கு எண், எந்த நேரம்வரை ஆள் இருப்பார் என்ற விவரம் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை எழுதாதீர்கள். எண்ணைக் கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறேன் என்று அண்ணன் சொன்னார். கைபேசி அணைந்த இரவில் எங்கே போய்த் தேடுவது?

ஆணை எங்கே தூங்குகிறது?

நான் மிக முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். விலை இறங்கினால் விற்றுவிடு என்று 'ஸ்டாப் லாஸ்' ஆணை கொடுத்துவைப்போம். அந்த ஆணை எங்கே உட்கார்ந்திருக்கிறது? தரகு நிறுவனத்தின் கணினியிலா, உங்கள் மேசையில் இருக்கும் கணினியிலா? தரகரிடம் இருந்தால் உங்கள் வீடு இருண்டாலும் அது விழித்துக்கொண்டிருக்கும். உங்கள் கணினியில் இருந்தால் அதோடு சேர்ந்து அணைந்துவிடும். எடுத்துக்காட்டாக, அந்நியச் செலாவணி வணிகர்கள் பலர் பயன்படுத்தும் மெட்டாடிரேடர் மென்பொருளில், சாதாரண ஸ்டாப் லாஸ் தரகரின் கணினியில் பதிவாகிறது. ஆனால் விலை ஏற ஏறத் தானும் ஏறும் 'டிரெய்லிங் ஸ்டாப்' உங்கள் கணினியில் ஓடுகிறது. மென்பொருளை மூடினால் அது ஏறுவதும் நின்றுவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டாப் லாஸ் போட்டாலும் நீங்கள் சொன்ன விலையே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. விலை ஒரேயடியாகக் குதித்து இறங்கினால் கிடைக்கும் விலைக்குத்தான் விற்கும். ஆனாலும் 25 நிமிடம் இருட்டில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப, அன்னைக்கு ஆணையைக் குடுத்து வச்சிருந்தா, வீடு இருட்டானதே ஒரு பொருட்டு இல்லியா?" என்றார். ஆமாம் அண்ணே, நீங்களும் அண்ணியும் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள், அவ்வளவுதான் என்றேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். யுபிஎஸ், கம்பி, இரண்டாவது கைபேசிச் சந்தா, ஹீட்டர், மின்பணியாளர் கூலி என எல்லாம் சேர்த்து அறுநூறு வெள்ளிக்குள் முடிந்தது. அதில் பெரிய செலவு ஹீட்டர். மீதியைச் செலவு செய்யவில்லை. அதற்கும் காரணம் உண்டு. பிரேசில் நாட்டில் 2013 முதல் 2015 வரை முன்பேர வணிகத்தில் அன்றன்றே வாங்கி விற்கத் தொடங்கியவர்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 விழுக்காட்டினர் நட்டப்பட்டிருந்தார்கள். விட்டுவிட்டுப் போனவர்கள் அல்ல, தாக்குப்பிடித்து நின்றவர்கள். நல்ல கணினி இந்த எண்ணை மாற்றாது. இதை நான் அண்ணனிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. கடன் வாங்கிப் பங்கு வாங்குவதை மட்டும் நிறுத்திவிடுவதாகச் சொன்னார். நிறுத்தியும்விட்டார். வணிகத்தை நிறுத்தவில்லை.

ஒத்திகை

கடைசியாக ஒன்று. ஒத்திகை பார்க்காமல் நாங்கள் மேடை ஏறுவதில்லை. நாலாவது வாரம் சனிக்கிழமை, சந்தை மூடியிருந்த நேரம், அண்ணனைத் திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, எப்போது என்று சொல்லாமல் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினோம். தள்ளியது அண்ணி. அவராகவே கேட்டு வாங்கிச் செய்தார்.

முதல் முறை ஆறு நிமிடம் ஆனது. மடிக்கணினியை முழுதாக அணைத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தார், சாவியைத் தேட வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை கைபேசி இணைப்பின் கடவுச்சொல் மறந்துவிட்டது. மூன்றாவது முறை, சுவிட்ச் விழுந்ததிலிருந்து கணக்குக்குள் நுழைந்து, விற்பனைப் பக்கம் திரையில் வரும்வரை ஒரு நிமிடம் நாற்பது நொடி. அண்ணி கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள்ளேயே நின்றிருந்தார். "இன்னொரு தடவ போடட்டுமா?" என்று கேட்டார்.

இந்த ஒத்திகையை இப்போது அவர்கள் மாதம் ஒருமுறை செய்கிறார்கள். யுபிஎஸ் மின்கலம் இருக்கிறதா, போய்விட்டதா என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. நீங்கள் செய்வதாக இருந்தால், முதலில் மேசைக் கணினியில் திறந்திருப்பதைச் சேமித்து, முறையாக அணைத்துவிட்டு, திரையை மட்டும் எரியவிட்டுச் செய்யுங்கள். திடீரென்று மின்சாரத்தை வெட்டுவது அதற்கு நல்லதல்ல. வீட்டில் மருத்துவக் கருவி ஓடுகிறதா, குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐயாயிரம் வெள்ளி விலைப்பட்டியல் இன்னமும் என் மேசையில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் கை தூக்கும் அக்காவிடம் மைக்கைக் கொடுங்கள் தம்பி.